ஆய்வுக்கூடத்திலிருந்து: ஹார்மோன் ஏற்பியை அளப்பது எப்படி?



போன அறுப்பின் பண்டிகை முடிந்த மறுவாரம் ஒரு சேகரத்தின் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள் நமது மருத்துவமனையைப் பார்க்க வந்திருந்தார்கள். பிரசவ வார்டையும் குழந்தைகள் வார்டையும் பார்த்து ஜெபித்துவிட்டுக் கடைசியாக ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார்கள். விருந்தினர்கள் எங்கள் அறையில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்பது வழக்கமில்லை. ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். பார்ப்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. அன்று ஒரு அம்மா மட்டும் நின்றுவிட்டார். மேஜை ஓரத்தில் இருந்த பிரஷர் குக்கரைக் காட்டி, "ஏன் டாக்டரம்மா, இங்கேயும் சமையல் நடக்குதா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். சங்கத்தின் பொருளாளராக இருக்கும் இன்னொரு சகோதரி சிரிக்கவில்லை. "ஆண்டுக் கணக்கில் 'ஆன்டிபாடி' என்று ஒரு தொகை போட்டிருக்கிறீர்களே, அது மருந்தா, மிஷினா? அவ்வளவு பணம் எதற்கு?" என்று கேட்டார்.

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல என்பதால் எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். அதுதான் இந்தக் கட்டுரை.

மார்பகத்தில் கட்டி என்று ஒரு சகோதரி வருகிறார். ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்று உறுதி செய்கிறோம். ஆபரேஷன் நடக்கிறது. ஆனால் "புற்றுநோய்" என்ற ஒரு சொல்லோடு எங்கள் வேலை முடிவதில்லை. அந்தக் கட்டி எதைத் தின்று வளர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெண்ணின் இரத்தத்தில் ஓடும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனால் வளரும் கட்டிகள் உண்டு. அதைச் சட்டை செய்யாத கட்டிகளும் உண்டு. ஹார்மோனால் வளரும் கட்டியின் உயிரணுக்களுக்குள் அந்த ஹார்மோன் வந்து உட்காருவதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. அதற்கு ஏற்பி என்று பெயர். டாக்டர்கள் ரிசெப்டார் என்பார்கள். ஏற்பியை ஒரு நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் வந்து உட்கார்ந்தால் உயிரணுவுக்கு "பெருகு" என்ற உத்தரவு போகும். டமாக்ஸிஃபென் என்ற மாத்திரை செய்வதெல்லாம் அந்த நாற்காலியில் முந்திப்போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுப்பதுதான். நாற்காலியே இல்லாத கட்டியில் அந்த மாத்திரைக்கு வேலை கிடையாது.

இம்மாத்திரை 1962-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி ஆய்வுக்கூடத்தில் உருவானது. இன்று ஒரு நாள் மாத்திரையின் விலை டீக்கடையில் ஒரு கிளாஸ் டீயின் விலையைவிடக் குறைவு. உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2011-இல் வெளியான கணக்கின்படி, ஏற்பியுள்ள பெண்கள் ஐந்து வருஷம் இதைச் சாப்பிட்டால் இந்நோயால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இவ்வளவு மலிவாக இவ்வளவு நன்மை செய்யும் மருந்துகள் புற்றுநோய் வைத்தியத்தில் மிகச் சிலவே. ஆகவே "இவருக்கு ஏற்பி இல்லை" என்று ஆய்வுக்கூடம் தவறாக எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்தச் சகோதரிக்கு மாத்திரை கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது.

இந்த விஷயம் மாட்டிலிருந்து தொடங்கியது என்றால் நம்புவீர்களா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். பால் சுரப்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால் அது தொடர்ந்து பால் கறக்கும் என்று சில நாடுகளின் விவசாயிகள் அறிந்திருந்த விஷயம் அவர் கவனத்துக்கு வந்தது. மார்புக்கும் சினைப்பைக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று கண்டுகொண்டார். புற்றுநோய் முற்றிய 33 வயதுப் பெண் ஒருவருக்கு 1895-இல் சினைப்பைகளை எடுத்தார். கட்டிகள் கரைந்தன. 1896-இல் அதைப் பிரசுரித்தார். அதே 1890-களில்தான் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஹாரியட் பார்க்கர் அம்மையார் நமது மதுரையில் பெண்களுக்கான மருத்துவ ஊழியத்தில் இறங்கினார்கள். அன்றைக்கு இங்கே வந்த மார்புக் கட்டி நோயாளிகளுக்குக் கத்தியைத் தவிர வேறு வழி ஏது?

பீட்சனைப் பின்பற்றிப் பலரும் அந்த ஆபரேஷனைச் செய்தார்கள். மூன்று பேரில் ஒருவருக்குத்தான் பலன் தெரிந்தது. மற்ற இருவரும் வீணாக வயிற்றைக் கிழித்துக்கொண்டார்கள். அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு விடை கிடைக்க அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1950-களின் கடைசியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் என்ற விஞ்ஞானி, ஈஸ்ட்ரோஜனில் டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து அடையாளம் இட்டு, அது உடலில் எங்கே போய்த் தங்குகிறது என்று பின்தொடர்ந்தார். கர்ப்பப்பை போன்ற சில உறுப்புகள் மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. ஏற்பி என்ற ஒன்று உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது. ஏற்பி உள்ள கட்டிகளில் பாதிக்குமேல் ஹார்மோன் வைத்தியத்துக்குக் கட்டுப்படுகின்றன, இல்லாதவற்றில் பத்தில் ஒன்றுகூட அரிது என்பது 1970-களில் தெளிவாயிற்று.

கரித்தூள் முறை

முதலில் வந்த அளவு முறை ஜென்சனின் வழியிலேயே அமைந்தது. ஆபரேஷன் தியேட்டரில் கட்டியை எடுத்த கையோடு, அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை சதையை வெட்டித் திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர். பிறகு அதைப் பொடியாக்கி, கரைத்து, அதிவேகச் சுழற்சி இயந்திரத்தில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரை எடுக்க வேண்டும். அதில் கதிரியக்க ஈஸ்ட்ரோஜனை ஊற்றினால், ஏற்பி இருக்குமானால் அது பற்றிக்கொள்ளும். பற்றாமல் மிதக்கும் மிச்சத்தை அப்புறப்படுத்த, டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பொருள் பூசிய கரித்தூளைப் போடுவார்கள். கரி அதை உறிஞ்சிக்கொள்ளும். நீரில் எஞ்சியிருக்கும் கதிரியக்கத்தை எண்ணினால் ஏற்பி எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு மில்லிகிராம் புரதத்தில் 10 ஃபெம்டோமோல் இருந்தால் 'உண்டு' என்று பல ஆய்வுக்கூடங்கள் வைத்துக்கொண்டன. 10 ஃபெம்டோமோல் என்றால் ஏறக்குறைய 600 கோடி மூலக்கூறுகள். கேட்க மலைப்பாக இருந்தாலும் தராசில் நிற்காத எடை அது.

இந்த முறைக்கு ஒரு கம்பீரம் உண்டு. கண்ணால் பார்த்து "இருக்கிறது போலத் தெரிகிறது" என்று சொல்லும் வேலையில்லை, எண் வந்துவிடும். அந்தக் காலத்து டாக்டர்கள் பலர் இதையே உரைகல்லாகக் கருதினார்கள். ஆனால் மதுரை மாதிரி ஊரில் இருந்துகொண்டு இதை யோசித்துப் பாருங்கள். மே மாதம் வெளியே 40 டிகிரி வெயில். வெட்டியெடுத்த சதையை மேஜையில் சிறிது நேரம் விட்டாலே ஏற்பி அழியத் தொடங்கிவிடும். திரவ நைட்ரஜன் நமது பகுதியில் முக்கியமாகக் கால்நடை மருந்தகங்களில்தான் தென்படும். பசுமாட்டுக்குச் சினை ஊசி போடுவதற்காக வைத்திருப்பார்கள். (பீட்சனின் மாடு இங்கேயும் வந்துவிட்டது!) கதிரியக்கப் பொருளைக் கையாள உரிமமும் தனி அறையும் வேண்டும். உறைந்த சதையை இரவு ரயிலில் பெரிய நகரத்துக்கு அனுப்புவதானால், வழியில் பெட்டி உருகினால் எல்லாம் வீண்.

இவையெல்லாம் வசதிக் குறைவுகள். பணமிருந்தால் சரி செய்யலாம். பணத்தாலும் சரி செய்ய முடியாத குறைகள் வேறு இருந்தன. சதையை அரைத்துவிட்டால் எது புற்று, எது நல்ல திசு என்று பிரிக்க வழியில்லை. துண்டில் நல்ல பால்நாளங்கள் கலந்திருந்தால் அவற்றின் ஏற்பி கணக்கில் ஏறிவிடும். புற்றணுக்கள் கொஞ்சமாகவும் நார்த்திசு மிகுதியாகவும் இருந்தால் எண் தாழ்ந்துவிடும். இன்னொன்று, நம் நாட்டுப் பெண்களைப் பொறுத்தவரை முக்கியமானது: மாதவிலக்கு நிற்காத பெண்ணின் உடலில் சொந்த ஈஸ்ட்ரோஜன் ஏற்கெனவே அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து ஊற்றும் கதிரியக்க ஹார்மோனுக்கு இடம் இருக்காது. ஏற்பி இருந்தும் இல்லை என்று வரும். இந்நோய் கண்டு வருகிறவர்களில் இளவயதுப் பெண்களின் பங்கு மேல்நாட்டைவிட இங்கே அதிகம். சிறு கட்டிகளுக்கோ இந்த முறையே பயன்படாது; ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து வந்தவரின் கட்டியில் ஒரு கிராம் சதைக்கு எங்கே போவது?

1980-இல் ஜென்சனும் அவரோடு உழைத்த ஜெஃப்ரி கிரீனும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை உருவாக்கினார்கள். ஆன்டிபாடி என்பது உடல் தன் எதிரியை அடையாளம் கண்டு பிடிக்கச் செய்துகொள்ளும் புரதம். அதையே ஆய்வுக்கூடத்தில் ஒரே வார்ப்பாக வளர்த்து எடுக்கலாம். பொருளாளர் சகோதரி கேட்ட ஆன்டிபாடி இதுதான். மருந்துமல்ல, மிஷினுமல்ல, ஒரு சிறு குப்பித் திரவம். இதை வைத்து அபாட் கம்பெனி ஒரு பரிசோதனைப் பெட்டியைக் கொண்டுவந்தது. கதிரியக்கம் தேவையில்லை; நொதியால் நிறம் மாறும், நிறத்தின் ஆழத்தைக் கருவி அளக்கும். நாற்காலியில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாற்காலியை எண்ணிவிடும். அது நல்ல முன்னேற்றம். ஆனாலும் இதற்கும் உறைந்த சதை வேண்டும், அரைக்க வேண்டும். பழைய முறையின் பெரிய தொல்லை தீரவில்லை. ஆகவே இதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை.

குக்கரின் கதை

மூன்றாவது முறையைத்தான் இன்று உலகமெங்கும் செய்கிறார்கள். நாமும் அதையே செய்கிறோம். இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்று நீளமான பெயர். நாம் சாயமுறை என்று அழைப்போம்.

எந்தக் கட்டியையும் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்துக் கட்டையாக்குவது நூறு வருஷத்துக்கு மேலாக எல்லா மருத்துவமனைகளிலும் நடக்கும் வேலை. அந்த மெழுகுக் கட்டை மதுரை வெயிலுக்குக் கெடாது. மெழுகு உருக 56 டிகிரிக்கு மேல் வேண்டும். சாதாரணக் கூரியரில் அனுப்பலாம், பத்து இருபது வருஷம் அலமாரியில் வைக்கலாம். இந்தக் கட்டையிலிருந்தே ஏற்பியைப் பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். ஆனால் ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பின்னிக் கட்டிவிடுவதால் ஆன்டிபாடியால் ஏற்பியை அண்ட முடியவில்லை. 1991-இல் ஷான்-ரோங் ஷி என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் மிக எளிய ஒரு வழியைச் சொன்னார்கள்: ஸ்லைடை உப்புக் கரைசலில் போட்டுக் கொதிக்க வையுங்கள். அவர்கள் மைக்ரோவேவ் அடுப்பில் செய்தார்கள். சில வருஷங்களில் பிரஷர் குக்கர் அதைவிடச் சீராக வேலை செய்கிறது என்று கண்டார்கள். சூட்டில் அந்தப் பின்னல் தளர்ந்து ஏற்பி வெளியே தெரிகிறது. எங்கள் குக்கர் சமைப்பது இதைத்தான். சிட்ரேட் கரைசலில் ஸ்லைடுகளை வைத்து, முழு அழுத்தம் வந்த பிறகு சில நிமிடங்கள். விசிலை எண்ணுவதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

பிறகு ஆன்டிபாடியைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். அது ஏற்பியைப் பிடிக்கும். அதைப் பிடிக்க இன்னொரு ஆன்டிபாடி. அதன்மேல் பழுப்பு நிறம் தரும் சாயம். கடைசியில் மற்ற அணுக்கருக்களுக்கு நீலம். நுண்ணோக்கியில் பார்த்தால் ஏற்பியுள்ள அணுக்கரு பழுப்பாகவும் இல்லாதது நீலமாகவும் இருக்கும். எது புற்றணு, எது நல்ல அணு என்று கண்முன்னே தெரிகிறது. அரைத்த சதையில் தொலைந்துபோன விவரம் இங்கே தொலைவதில்லை. ஊசியில் வந்த சிறு துண்டே போதும். இளவயதுப் பெண்ணின் சொந்த ஹார்மோன் தொந்தரவு செய்வதில்லை.

அப்படியானால் கண்ணால் பார்த்துச் சொல்வது எண்ணால் அளப்பதற்கு ஈடாகுமா? இதைத் தீர்த்துவைத்தது அமெரிக்காவில் 1,982 நோயாளிகளின் கட்டிகளை இரண்டு முறையிலும் பார்த்து 1999-இல் வெளியான ஆராய்ச்சி. இரண்டும் நூற்றுக்கு 86 பேரில் ஒத்துப்போயின. ஒத்துப்போகாத இடங்களில் யார் சொன்னது சரி என்பதை, அப்பெண்கள் ஹார்மோன் வைத்தியத்தில் எப்படி இருந்தார்கள் என்பதை வைத்துப் பார்த்தார்கள். சாயமுறைதான் நன்றாகக் கணித்திருந்தது. அதோடு, நூற்றுக்கு ஒரு அணு பழுப்பாக இருந்தாலே சிலருக்குப் பலன் இருக்கிறது என்றும் தெரிந்தது. 2010-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களும் நோயியல் நிபுணர்களும் சேர்ந்து வகுத்த விதி இந்த ஒரு சதவீதத்தையே எல்லையாக வைத்தது. 2020-இல் அதைத் திருத்தியபோது, ஒன்றுக்கும் பத்துக்கும் இடைப்பட்டவர்களைத் 'தாழ்ந்த அளவு' என்று தனியாகக் குறிக்கச் சொன்னார்கள். விலையுயர்ந்த கருவியும் கதிரியக்கமும் கொண்ட முறையைச் சாதாரண மெழுகுக் கட்டையும் குக்கரும் வென்றன. எனக்கு இதில் இன்றும் ஒரு சந்தோஷம் உண்டு.

மெழுகுக் கட்டையின் பெருமைக்கு இன்னொரு சாட்சி. 1993 முதல் 1999 வரை வியட்நாமிலும் சீனாவிலும் மாதவிலக்கு நிற்காத 709 பெண்களிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பகுதியினருக்குப் பீட்சன் செய்தது போலச் சினைப்பைகளை எடுத்து டமாக்ஸிஃபெனும் கொடுத்தார்கள். ஏற்பி இருக்கிறதா என்பதை வைத்துக்கொண்டிருந்த மெழுகுக் கட்டைகளிலிருந்து பின்னால்தான் பார்த்தார்கள். ஏற்பி இருந்தவர்களில் ஐந்து வருஷத்துக்குப் பிறகு நூற்றுக்கு 88 பேர் உயிரோடிருந்தார்கள். அந்த வைத்தியம் பெறாதவர்களில் 74 பேர். ஏற்பி இல்லாதவர்களுக்கு அந்த வைத்தியத்தால் பலனில்லை. ஏழை நாடுகளிலும் இந்தப் பரிசோதனையை நம்பி வைத்தியம் பார்க்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

முறை நல்லது, கை?

இங்கேதான் நான் உங்களிடம் மறைக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. கரித்தூள் முறையை ஒரு சில பெரிய ஆய்வுக்கூடங்களே செய்தன, ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டன. சாயமுறை எளிதாக இருந்ததால் எல்லோரும் தொடங்கிவிட்டார்கள். எளிதான முறை எளிதாகவே தவறியது. 26 நாடுகளில் 200 ஆய்வுக்கூடங்களுக்கு ஒரே கட்டிகளின் ஸ்லைடுகளை அனுப்பிப் பார்த்த ஒரு சோதனை 2000-இல் வெளியானது. ஏற்பி நடுத்தரமாகவும் மிகுதியாகவும் இருந்த கட்டிகளை நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்கள் சரியாகக் காட்டின. ஏற்பி குறைவாக இருந்த கட்டியைச் சரியாகக் காட்டியவை நூற்றுக்கு 37 மட்டுமே. முக்கியக் காரணம் என்ன தெரியுமா? போதுமான நேரம் கொதிக்க வைக்காதது!

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில் 1997-இல் பழைய முறையை விட்டுச் சாயமுறைக்கு மாறினார்கள். 2005-இல் ஒரு பெண்ணுக்கு, முன்பு 'இல்லை' என்று வந்த பரிசோதனையை மறுபடி செய்தபோது 'உண்டு' என்று வந்தது. சந்தேகப்பட்டுப் பழைய கட்டைகளையெல்லாம் எடுத்து வேறு நகரத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு முடிவு தவறாகச் சொல்லப்பட்டிருந்தது. அவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் மாத்திரையால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வாய்ப்பு அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 2009-இல் வந்தது. பணக்கார நாட்டில், எல்லா வசதியும் உள்ள இடத்தில் நடந்தது இது.

நம் தேசத்தில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 798 கட்டிகளைப் பார்த்து 2000-இல் வெளியிட்ட கணக்கில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நூற்றுக்கு 32.6 பேருக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் ஏற்பி 46.1 பேருக்கும் இருந்தது. இதில் ஒரு விந்தை இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் ஏற்பியை உண்டாக்கச் சொல்லி உத்தரவு போடுவதே ஈஸ்ட்ரோஜன் ஏற்பிதான். அப்படியிருக்கத் தாயைவிடப் பிள்ளைகள் அதிக வீடுகளில் இருப்பது எப்படி? இந்தியப் பெண்களின் நோயே வேறு மாதிரியா, அல்லது நம் ஃபார்மலினும் ஸ்லைடும் செய்யும் மாயமா என்ற கேள்வி 2005-இல் இந்திய நோயியல் இதழில் வெளிப்படையாகவே எழுந்தது. பிற்பாடு அதே மும்பை மருத்துவமனை பல ஆண்டுகளின் கணக்கைச் சேர்த்து வெளியிட்டபோது ஏற்பி உள்ளவர்கள் பாதிக்குச் சற்று மேல் என்று வந்தது. இந்தியாவில் ஏற்பியில்லாத கட்டிகள் மேல்நாட்டைவிட அதிகம் என்பது உண்மைதான். ஆனால் 'இல்லை' என்று எழுதப்பட்டவற்றில் எத்தனை உண்மையான இல்லை, எத்தனை கெட்டுப்போன சதை என்பது வேறு விஷயம்.

சதை எப்படிக் கெடுகிறது என்பதற்கு எங்கள் அனுபவம் ஒன்று. பெயரும் ஊரும் சொல்லவில்லை. மதுரையிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் உள்ள ஓர் இடத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு தாயின் கட்டி எங்களிடம் வந்தது. அவருடைய மகன் ஒயர் கூடையில் வைத்து எடுத்து வந்தார். வாய் குறுகிய ஹார்லிக்ஸ் பாட்டில். அதற்குள் முழு மார்பகத் திசுவையும் திணித்திருந்தார்கள். மேலே நாலு விரல்கடை ஃபார்மலின். ஆபரேஷன் நடந்து மூன்றாவது நாள். ஃபார்மலின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் சதைக்குள் ஊறும் என்று எங்களுக்குப் பாடம். வெளிப்புறம் கல் மாதிரி. நறுக்கிப் பார்த்தால் உள்ளே இளகிப்போன சிவப்புக் கூழ். எங்களால் முடிந்த மட்டும் மெழுகில் பதித்துச் சாயம் போட்டோம். புற்றணுக்கள் எல்லாம் நீலம். 'ஏற்பி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் கட்டிக்குப் பக்கத்தில் இரண்டு நல்ல பால்நாளங்கள் இருந்தன. நல்ல நாளங்களில் ஆங்காங்கே சில அணுக்களாவது பழுப்பாக இருக்க வேண்டும். அதுதான் பரிசோதனை வேலை செய்தது என்பதற்கு உள்ளிருக்கும் சாட்சி. அவையும் நீலம். நாங்கள் வழக்கமாகச் சேர்த்து வைக்கும் சாட்சி ஸ்லைடு மட்டும் நன்றாகப் பழுப்பாக இருந்தது. அதாவது எங்கள் குக்கரிலும் ஆன்டிபாடியிலும் குறையில்லை, சதைதான் செத்துப்போயிருந்தது. அக்குளிலிருந்து எடுத்த நெறிக்கட்டிகள் அதே பாட்டிலில் இருந்தன. அவை பயறளவு சிறியவை. ஃபார்மலின் உள்வரை ஊறியிருந்தது. அவற்றில் ஒன்றில் புற்று பரவியிருந்தது. அதில் மறுபடி செய்தோம். பத்தில் ஏழெட்டு அணுக்கள் கரும்பழுப்பு.

அந்தத் தாய்க்கு வைத்தியம் இப்போது மாத்திரையோடு நடக்கிறது. முதல் ஸ்லைடோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. பாட்டிலில் போட்டு அனுப்பியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அகன்ற வாய் டப்பா என்ன, கட்டியை நடுவே வகிர்ந்து போட வேண்டும் என்பது என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதும் உண்மை. விதி எளிது: வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், சதையைப்போலப் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும், ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஆன்டிபாடிக் குப்பி சிறியது, விலை பெரியது. இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். மின்சாரம் போகும் ஊரில் அந்தக் குளிர்ப்பெட்டிக்குத் தனி மின்கலம் வைத்திருப்பது அதனால்தான். ஒவ்வொரு தடவையும் சாட்சி ஸ்லைடுகளுக்கும் அதே ஆன்டிபாடி செலவாகிறது. ஒரே ஒரு நோயாளிக்காகச் சாயம் போட்டால் பாதிச் செலவு சாட்சிக்கே போய்விடும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை சேர்த்துச் செய்கிறோம். முடிவு வர நாளாவதற்குக் காரணம் அதுவே. சந்தேகமான முடிவுகளின் மெழுகுக் கட்டையை எங்களைவிடப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதத்துக்கு நாலைந்து கட்டிகளே பார்க்கும் இடங்கள் இந்தப் பரிசோதனையைத் தாங்களே செய்யாமல், ஃபார்மலினில் ஒழுங்காகப் போட்டுக் கட்டையை மட்டும் அனுப்புவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பெண்கள் ஐக்கிய சங்கம் திரும்பிப் போன பிறகு ஒரு காணிக்கை அனுப்பியிருந்தது. ஆன்டிபாடிக்கு என்று குறித்திருந்தார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டு, அதில் ஒரு பகுதிக்கு இரண்டு லிட்டர் கொள்ளும் அகன்ற வாய்ப் பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கினோம். முறையாகக் கரைத்த ஃபார்மலினை ஊற்றி, ஆபரேஷன் முடிந்த நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் எழுத ஒரு சீட்டு ஒட்டி, சுற்றுவட்டாரத்தில் எங்களுக்குச் சதை அனுப்பும் இடங்களுக்குக் கொடுத்து வருகிறோம். சில டப்பாக்கள் திரும்பி வருகின்றன, சீட்டில் நேரமும் எழுதி வருகிறது. சில இடங்களிலிருந்து இன்னும் ஹார்லிக்ஸ் பாட்டில்தான் வருகிறது. டப்பாக்களை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, கட்டியை எப்படி வகிர்ந்து போடுவது என்று தியேட்டர் சிஸ்டர்களுக்குக் காட்டிவர எங்கள் டெக்னீஷியன் தம்பி சனிக்கிழமைகளில் பஸ் ஏறுகிறார். அவருக்காகவும், மறுபரிசோதனைக்காகக் கட்டை அனுப்பப்பட்டு முடிவுக்குக் காத்திருக்கும் இரண்டு சகோதரிகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஊழியத்தில் உங்கள் சகோதரி,
ஆய்வுக்கூட மருத்துவர்